ஏழாவது பெயர்

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சகாயசெல்விக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. டெல்லிக் குளிரில் தொண்டையைப் பார்த்துக்கொள், உனக்கு அதுதானே பிழைப்பு. போனில் சொன்னால் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை இலங்கை எம்.பி.க்களும் நம் எம்.பி.க்களும் மீனவர் விஷயமாக உட்கார்ந்து பேசப்போகிறார்கள், மொழிபெயர்ப்பது நீதான் என்று கேட்டதிலிருந்து அவள் என்னை விடவில்லை. காரைக்கால் போட்டில் கூலிக்குப் போய் எல்லை தாண்டி மாட்டிக்கொண்ட உன் தம்பி சரத்குமார் அங்கே ஜெயிலில் கிடக்கிறான், “அவன் என் கூடப்பொறந்தவன்னு இவ ஒரு வார்த்தை சேத்து சொன்னா கொறஞ்சா பூடுவா?” என்கிறாள். நீ சேர்க்காதே மகளே.

அப்படிச் சேர்த்துச் சொன்னவன் நான். நீ மூணாவது படிக்கும்போது உப்பளத்தில் மேல் பாத்திக்காரர்களுக்கும் கீழ் பாத்திக்காரர்களுக்கும் வாய்க்கால் தண்ணீருக்காகத் தகராறு. முகம் கொடுத்துப் பேசாத நேரத்தில் ஒருத்தன் நடு வரப்பில் நின்று இந்தப் பக்கத்து வார்த்தையை அந்தப் பக்கத்துக்கு அப்படியே சொல்ல வேண்டும், அன்றைக்கு என்னை நிறுத்தினார்கள். கீழ் பாத்தியில் என் அண்ணன், உன் பெரியப்பா இருந்தார். கீழ் பாத்திக்காரர்கள் சொன்னது, “நாலு நாள் தண்ணி விடுங்க” அவ்வளவுதான். நான் என் கோபத்தில் “இல்லாட்டி மடைய உடைப்போம்” என்றும் சேர்த்துவிட்டேன். பெரியப்பா தலையில் இருக்கிற தழும்பு அதனால் மூண்ட அடிதடியில் வந்தது, அந்த சீசன் முழுக்க யாரும் உப்பு வாரவில்லை. இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை, வெட்கம்தான்.

ஆனால் பையன் விஷயத்தில் எனக்குப் பயமில்லை. வருகிற இரண்டு பக்கத்தாரும் ஓட்டு கேட்டு வந்தவர்கள், திரும்பிப் போய் ஊருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், துப்பாக்கி பிடித்துக் கடலில் நிற்கிறவனுக்கு அந்தக் கட்டாயம் ஏது? நம் போட்டுகள் தங்கள் மீனவர் வலையை அறுத்ததை இலங்கைக்காரர்கள் சொல்வார்கள், அதையும் ஒரு சொல் குறைக்காமல் சொல்லு, வலை போன வீட்டிலும் ஒரு அப்பன் இருப்பான். நம் எம்.பி. ஆபீசுக்கு நானே போய் வந்தேன், ஜெயிலில் இருக்கிறவர்கள் என்று அவர் படிக்கப்போகிற லிஸ்டில் சரத்குமார் பெயர் ஏழாவது. முதல் ஆறு பெயரைச் சொன்ன அதே குரலில் ஏழாவதையும் சொல்லு, பையன் வந்துவிடுவான்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “சரி, சேக்க வேணாம். இனிஷியலோட தெளிவா சொல்லச் சொல்லுங்க” என்றாள்.

ஆண்டவர் உன் நாவில் துணை இருக்கட்டும். வியாழன் காலையில் வெந்நீர் குடிக்க மறக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா,
மரியதாஸ்