மங்கலான இரண்டாவது கோடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், நீயும் உடம்பும் மனசுமாக நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் போனில் என் குரல் சரியில்லை என்று கேட்டாயே, காரணம் இதுதான்.

அப்பாவின் பஸ் டிப்போவில் இப்போது ஓட்டுநர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை வைக்கிறார்கள், போதை மருந்து உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க. விரல் நீளப் பட்டை, நனைத்து வைத்தால் ஐந்தே நிமிடத்தில் கோடு விழுந்துவிடுமாம். அப்பா அந்த வாரம் முழுக்க இருமல் மருந்து குடித்தவர், அது காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயத்தோடுதான் போனார். பட்டையில் இரண்டு கோடு. நீ என் வயிற்றில் வந்தபோது நான் காட்டிய கர்ப்பப் பட்டையிலும் இரண்டு கோடு, அதிலிருந்து இரண்டென்றால் 'இருக்கிறது' என்பதுதான் அவர் கணக்கு. யாரும் வாய் திறக்கும் முன்பே பஸ் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். இருபத்தாறு வருஷ வேலை.

சோதனை பார்ப்பவள் சின்னப் பெண், அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி, நிமிர்ந்து பேசவே கூச்சப்படுவாளாம். இந்தப் பட்டை தலைகீழ், மருந்து இருந்தால்தான் இரண்டாவது கோடு வராது, வந்தால் சுத்தம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னாளாம். சூப்பர்வைசர் விடவில்லை. இரண்டாவது கோடு மங்கலாக இருக்கிறதே, அப்படியானால் பாதி மருந்து என்று எழுது என்றாராம். அவள், "மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான் சார். பாதின்னு எழுத இதுல இடமே இல்ல" என்றாளாம். பட்டை வந்த பெட்டிக்குள் மடித்திருந்த விளக்கத் தாளை விரித்து, அதைச் சொல்லும் வரியில் விரலை வைத்து, அவர் படித்து முடிக்கும்வரை எடுக்கவில்லையாம். எனக்கு அவளைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது மற்ற ஓட்டுநர்கள், "ரெண்டு கோடாமே அண்ணே, எத்தனை மாசம்?" என்று கேலி செய்கிறார்கள், இவரும் சேர்ந்து சிரிக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவரை நான் மட்டும்தான் பார்த்தேன். நீயும் வேலையிடத்தில் சோதனை என்றால், குடிக்கிற மருந்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிடு. சளிக்குக் கண்டதையும் வாங்கிக் குடிக்காதே.

நோய்நொடி அண்டாமல், நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்து இதையெல்லாம் சொல்வார். அவர் சொல்லும்போது அதில் பயமும் இருக்காது, மேசையில் வைத்த சாவியும் இருக்காது. முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா