சாமி மாடத்துப் போன்

நாகலூர்
3.6.2025

அதென்னமோ கண்ணு, அந்தத் தாத்தன் படத்தை மட்டும் முதல்ல எடுத்துப்போடு. அதைச் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம். நீ நல்லா இருக்கியா? உன்ற ஊட்டுக்காரர் சுகமா? இங்க நம்ம மலைச்சாமி சேர்வராயன் புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம். எனக்கு முட்டிதான் மழைக்கு வலிக்குது.

நீ செஞ்ச ஆப்பை, பஸ் ஸ்டாப் கடை தனபால்கிட்டச் சொல்லி இங்க இருக்கற பெருசுக போன்லயெல்லாம் ஏத்தியாச்சு. காலைல எந்திரிச்சதும் படத்தைத் தொட்டா, 'நல்லா இருக்கேன்'னு வெளியூருப் புள்ளைகளுக்குத் தகவல் போகும்னு தொண்டை வத்தச் சொன்னேன். ஆனா அந்தப் படம் இருக்குதே! வெள்ளை முடி, பல்லுத் தெரியச் சிரிப்பு, சுத்தியும் வட்டம். ராசம்மாக்கா பாத்த உடனே, "அய்யோ, யாருடி தவறுனது? எப்ப எடுக்கறாங்களாம்?"ங்குது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல அப்படித்தானே போடுவாங்க? சின்னசாமி மாமன் துண்டை இடுப்புல இறக்கிக் கட்டிக்கிட்டு, "எந்தூருங்க அவிய?"ன்னார். அப்புறம் அதை யாரு தொடுவாங்க?

போன்ல சொல்லாம எழுதுங்கன்னு நீ சொன்னது ஏன்னு இப்பப் புரியுது. போன்ல கேட்டிருந்தா, நொம்ப நல்லா இருக்கு சாமின்னு சொல்லிட்டு வச்சிருப்பேன். எழுதறப்பத்தான் குத்தங்குறை வருது.

என்னைக் கேட்டா சேர்வராயன் படம் போடு. இங்க யாரும் அவன் பேரைச் சொல்லாமக் கண்ணு முழிக்கறதில்ல.

உங்கப்பனுக்கு நீ வாங்கிக் குடுத்த போனை வெள்ளக்கடையில அவுரு ஊட்டுக்கே கொண்டுபோய்க் குடுத்தேன். யாரு குடுத்ததுன்னு அண்ணன் கேக்கலை. "அங்க வை"ன்னார். வச்சுட்டு வந்தேன். நீ அனுப்புன சேலை கலர் கொஞ்சம் அடிக்குது. ஆனாலும் கோயிலுக்குக் கட்டிட்டுப் போனேன்.

உன்ற அத்தை
பழனியம்மாள்


பெங்களூரு
9.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

நானும் அவரும் நலம். உங்கள் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "யார் தவறியது" என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவரைத் தவிர. நீங்கள் சொன்னபடி சேர்வராயன் படத்தைத் திரை முழுக்கப் போட்டிருக்கிறோம். எழுத்தையும் பெரிதாக்கிவிட்டோம். தனபால் அண்ணன் எல்லார் போனிலும் புதியதை ஏற்றித் தருவார். அப்பாவின் போனையும் ஒருமுறை அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இந்த வேலையை நான் அப்பாவை நினைத்துத்தான் ஆரம்பித்தேன். என் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட இந்த இரண்டு வருடத்தில் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. பேச வேண்டாம் அத்தை, மன்னிக்கவும் வேண்டாம். காலையில் ஒருமுறை அந்தப் படத்தைத் தொடட்டும். இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.

முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். கோயிலுக்குக் கொடுத்துவிடாமல் நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
தீபிகா


நாகலூர்
25.6.2025

கண்ணு தீபிகாவுக்கு,

ஒருத்தர் போன்ல இருந்தும் தகவல் வரலைன்னு தனபால்கிட்டக் கேட்டியாமே. நானே ஊடு ஊடாப் போய்ப் பாத்துட்டு வந்து எழுதறேன். தைலம் வந்துது, நல்ல வாசம்.

ராசம்மாக்கா போனுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, பூ சுத்தி, சாமி மாடத்துல சாத்தி வச்சிருக்குது. சார்ஜு எறங்கி அணைஞ்சு கெடக்குது. கேட்டா, "சாமிக்கு எதுக்குடி கரண்டு?"ங்குது. சின்னசாமி மாமன், "நேத்துக் கறி தின்னேன், இன்னும் தலைக்கு ஊத்தலை. இந்தக் கையில சாமி மூஞ்சியை அமுக்கச் சொல்றியா? உன்ற மருமவ பட்டணத்துக்குப் போயி நல்லாப் படிச்சா போ"ங்கறார்.

அண்ணனும் போனை மாடத்துலதான் வச்சிருக்கார். ஆனா சார்ஜு போட்டு வச்சிருக்கார், அதைச் சொல்லணும். "ஏனுங்கண்ணா, ஒரு தடவை தொட்டா என்னங்க?"ன்னேன். பங்காளி ஊட்டுச் சாவு, தீட்டுன்னார். தீட்டுக் கழிஞ்சு மறுபடியும் போனேன். கன்னத்துல போட்டுக்கிட்டு, "சாமி மேல கை வெக்கறவன் எவன்?"ன்னு கேட்டுட்டுக் காட்டுக்குக் கெளம்பிட்டார். கோவமா இல்லையான்னு அவுரு மூஞ்சில எப்பத் தெரிஞ்சிருக்குது?

என்னை நோவாத கண்ணு. சாமியைப் போடுன்னுதான் சொன்னேன், சாமியை அமுக்கச் சொன்னேனா? கோயிலுக்குப் போனா நாமளா கருவறைக்குள்ள போயித் தொடறோம்? வெளிய நின்னு மணி அடிக்கறோம். அவனை மேல உக்கார வச்சுட்டு, கீழ ஒரு மணி கட்டு. மணி அடிக்க யாருக்கும் சொல்லிக் குடுக்க வேண்டாம்.

உன்ற அத்தை
பழனியம்மாள்


பெங்களூரு
7.7.2025

அன்புள்ள அத்தைக்கு,

மணி கட்டிவிட்டோம். அங்கே அடித்தால் இங்கே பிள்ளைகளின் போனிலும் அதே சத்தம் கேட்கும். அவர்கள் திருப்பி அடித்தால் அங்கே மாடத்தில் ஒலிக்கும். முதல் நாளே எல்லோரும் அடித்துவிட்டார்கள். ராசம்மாள் பெரியம்மா ஒரே காலையில் விடாமல் அடித்ததில், திருப்பூரிலிருக்கும் மகன் பயந்துபோய் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாராம். வந்தவருக்குக் களி கிண்டிப் போட்டாராம் பெரியம்மா. மணி அடித்தது அதற்குத்தானோ என்னவோ. ஆபீசில் எனக்கு நல்ல பெயர். அது உங்களுக்குச் சேர வேண்டியது.

அப்பாவின் போனை நீங்கள் மஞ்சள் துணியில் சுற்றித் தனபால் அண்ணன் கடைக்குக் கொண்டுவந்து, மணியை ஏற்றி, திரும்பக் கொண்டுபோய் வைத்ததாக அவர் சொன்னார். அந்த முட்டியோடு அலைந்திருக்கிறீர்கள்.

ஆனால் வெள்ளக்கடையிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. காலையில் போனைத் திறந்தால் 'அப்பாவிடமிருந்து தகவல் இல்லை' என்று சிவப்பில் வருகிறது. அந்த வாக்கியத்தை எழுதியதே நான்தான். பிள்ளைகள் பதற்றப்படாத மாதிரி எழுத வேண்டும் என்று நிறைய யோசித்து எழுதினேன்.

தொட மாட்டேன் என்றார், அதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது மணியும் அடிக்க மாட்டேன் என்றால், எனக்குப் புரிகிறது. இந்த மாதக் கடைசியில் அவர் பெயரை எடுத்துவிடப் போகிறேன். நீங்கள் அவரை வற்புறுத்த வேண்டாம். இனி நானும் கேட்க மாட்டேன்.

அன்புடன்
தீபிகா


நாகலூர்
18.7.2025, ஆடி முதல் வெள்ளி

கண்ணு தீபிகாவுக்கு,

பேரை வெக்கறதும் எடுக்கறதும் உன்ற இஷ்டம். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா மணி வரலைங்கறியே, அதான் எனக்கு வெளங்கலை.

போன வாரம் வெள்ளக்கடையில ரெண்டு நாள் தங்கியிருந்தேன். அண்ணன் எந்திரிச்சுக் குளிச்சு, வெளக்கைப் பொருத்திப்போட்டு, மாடத்துப் போன்ல மணியை அடிச்சார். டங்குன்னு அடுப்படி வரைக்கும் கேட்டுது. அடிச்சுப்போட்டு அங்கயே நிக்கறார். "ஏனுங்கண்ணா, காப்பி ஆறுது"ன்னேன். "இரு, திருப்பி அடிக்கும்"ன்னார். கொஞ்ச நேரம் பாத்தார். "ஆபீசுக்குக் கெளம்பற நேரம், வேலையா இருக்கும்"னு அவுராவே சொல்லிக்கிட்டு, காப்பியைக் குடிச்சுட்டுக் காட்டுக்குப் போயிட்டார். மறுநாளும் அதேதான். அவுரு அத்தனை எறங்கி வந்தப்புறம், நீ ஒரு தடவை திருப்பி அடிச்சா என்ன கண்ணு கொறைஞ்சா போயிடும்? அவுரு மகதானே நீ, அழுத்தம் எங்க போகும்? நானே கேக்கணும்னு இருந்தேன், அதுக்குள்ள உன்ற கடுதாசி வந்துருச்சு.

போனைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு வெளிய நாலு பக்கம் போய் வாங்களேன்னும் சொல்லிப் பாத்தேன். "சாமி இருக்கற போனு, செருப்புக் காலோட தூக்கிட்டுத் திரியறதா?"ன்னு என்னையே வைஞ்சார்.

இங்க மாரியம்மன் கோயில்ல கூழு ஊத்தறாங்க. உன்ற பேருக்கும் உன்ற ஊட்டுக்காரர் பேருக்கும் அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கேன். அவுரு நட்சத்திரம் தெரியலை, சாமி பேருக்கே செஞ்சாச்சு. மிளகுக்கொடி இந்த வருசம் பரவால்ல. வெயில் வந்தா முட்டியும் பரவால்ல.

உன்ற அத்தை
பழனியம்மாள்

கவரை ஒட்டப் போனவ மறுபடி பிரிச்சு எழுதறேன் கண்ணு, இப்பத்தான் நெனப்பு வருது. அண்ணன் ஊட்டுக்குள்ள டவர் எடுக்காது. அங்க தங்குனா நானே, யாருகிட்டயாவது பேசணும்னா பலாமரத்தடிக்குத்தான் போவேன்.