கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்

11 மார்ச் 1997, செவ்வாய்

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கமலா டிவி பார்க்கக் கூப்பிட்டாள். அந்தக் காலத்து விமானங்களைப் பற்றி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மதுரை விமான நிலையத்தைக் காட்டினார்கள். விமானத்தின் படிகளில் என் தங்கை ஸ்டெல்லா ஏறிக்கொண்டிருந்தாள்.

வேறு சாதிப் பையனை மாதா கோயிலில் கட்டிக்கொண்டு, அவனோடு மதராஸ் கிளம்பிய நாள் அது. அப்பாவுக்குத் தெரியாமல் நான் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். கோபம் எனக்கும் இருந்தது. அவள் திரும்பியே பார்க்கவில்லை என்றுதான் நாற்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படத்தில் அவள் மேல்படியில் நின்று கையசைத்தாள். கேமரா, வழியனுப்ப வந்தவர்கள் நின்ற கம்பி வேலிப் பக்கம் திரும்பியது. எல்லாரும் கையசைத்தார்கள். நான் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"டீச்சர், ஏன் அழுகுறீங்க? யாரு அது?"

"என் தங்கச்சி."

"பதினோரு வருசமா பக்கத்துலயே இருக்கோம். ஒங்களுக்குத் தங்கச்சி இருக்காகன்னு சொல்லவே இல்லையே! இப்ப எங்க இருக்காக?"

"தெரியலம்மா."

வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. அவள் போட்ட மூன்று கடிதங்களையும் அப்பா எரித்தபோது நான் தடுக்கவில்லை. விலாசமும் அதோடு போயிற்று. ஆனால் மாதா கோயிலில் கல்யாணப் பதிவேடு இருக்கும். மாப்பிள்ளையின் சொந்த ஊரை அதில் எழுதியிருப்பார்கள். காலையில் முதல் வேலையாகப் பங்குச் சாமியாரைப் போய்க் கேட்க வேண்டும்.

உயிரோடு இருந்தால் அவளுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது.