ஜனேயா பாஸ் போட்ட பள்ளி

என் மகளின் அப்பாவுக்கு,

மில்வாக்கியில் இன்னும் பனி விடவில்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தை மாநில அரசே கட்டும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டேன். பள்ளியைத் தேர்ந்தெடுத்தது நம் ஜனேயாதான்.

போன பள்ளிகளிலெல்லாம் பேர் கேட்டார்கள். அவளுக்குத் திக்கியதும், கையிலிருந்த தாளைப் பார்த்து அவர்களே சொல்லி முடித்தார்கள். கடைசிப் பள்ளியில் நானே சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்கம்மா, அவளே சொல்லட்டும்" என்று தலைமையாசிரியை காத்திருந்தார். பிள்ளை முழுப்பேரையும் சொல்லிவிட்டு, "நீ... நீங்க பாஸ், டீச்சர்!" என்றாளே பார்க்கலாம்! எட்டு வயதில் என்ன துணிச்சல்!

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் அவளே சொல்வாளாம். தெரியாததுபோல் கேள். சிறையில் ஃபோனைச் சீக்கிரம் துண்டித்துவிடுவார்கள்தான். ஆனாலும் அவள் திக்கினால் நீ சொல்லி முடித்துவைக்காதே. லைன் போனால் போகட்டும்.

இனியாவது வாயை மூடப் பழகும்,
அவள் அம்மா