இரண்டு காலுறைகள்

அன்புள்ள ஒஜாராவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? நம் பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

இந்த அகதி முகாம் பள்ளியில் என் வகுப்பில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள். உங்கள் பழைய காலுறைக்குக் காது தைத்து, முயல் பொம்மையாக்கிக் கதை சொல்கிறேன். என்னிடம் சொல்லாத பயத்தையெல்லாம் முயலிடம் சொல்கிறார்கள். எல்லை தாண்டி வந்ததிலிருந்து வாயே திறக்காத கேஜி என்ற சிறுமி, நேற்று அதைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோய்விட்டாள். கேட்டதற்கு, "முயலுக்குத் தனியா தூங்கப் பயமாம் டீச்சர். அம்மாவத் தேடுது" என்றாள்.

பிடுங்க மனம் வரவில்லை. இன்று முயலில்லாமல் வகுப்பில் எனக்கும் பேச்சு வரவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பேருந்து கிளம்பப் போகிறது. இரண்டு காலுறை கொடுத்தனுப்புங்கள். வகுப்புக்கு ஒன்று, துவைத்து அனுப்புங்கள். மற்றது எனக்கு, அதைத் துவைக்க வேண்டாம்.

உங்கள் லமாரோ