எந்த போன் என்று கேட்டிருந்தாய்

டாக்குரியா,
கொல்கத்தா.

சிரஞ்சீவி அனந்துக்கு அம்மா ஆசீர்வாதம். நீயும் கீதாஞ்சலியும் சியாட்டிலில் நன்றாக இருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரியாக எழுதுவதுதான் வழக்கம், கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் நான் எது எழுதினாலும் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். இதைக் கையில் பிடித்துக் கடைசிவரை படித்தாக வேண்டும்.

போன வாரம் நீ அனுப்பியது வந்தது. மறுபடியும் அதே இரண்டு போன்கள், இடது பக்கம் ஐபோன், வலது பக்கம் சாம்சங், நடுவில் கோடு. எதன் திரை பெரிது, எதன் பேட்டரி எத்தனை நேரம் நிற்கும், எதன் கேமரா இருட்டில் நன்றாகப் பிடிக்கும், எதில் பேனா உண்டு, எதில் எழுதினால் போனே வாய்விட்டுப் படிக்கும் என்று எல்லாம் போட்டு, கடைசியில் "அம்மா, அப்பாவுக்கு எது தோதுப்படும்னு ரெண்டு பேருமா யோசிச்சு சொல்லுங்கோ, உடனே ஆர்டர் பண்ணிடறேன்" என்று எழுதியிருந்தாய். உடனே என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை நீ உன் சௌகரியப்படி மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அப்பா தொண்டையில் இருப்பது புற்றுநோய்தான், குரல்பெட்டி முழுவதையும் எடுத்துவிட வேண்டும், அதற்கப்புறம் சொந்தக் குரலில் பேச முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு உன்னிடம் நான் பணமா கேட்டேன்? வா என்றுகூடக் கேட்கவில்லை, லீவு கிடைக்காது என்று நீயே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாய். துர்கா பூஜை கழிந்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், அதற்குள் அப்பா பேசுவதைக் கொஞ்சம் பதிவு செய்து வைத்துக்கொள்கிறேன், எப்படி என்று சொல்லிக்கொடு என்று மட்டும்தான் கேட்டேன். நம் பழைய போனிலேயே முடியும் என்று கீழ்வீட்டு மிதாலி காட்டியும் கொடுத்துவிட்டாள். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, நீ வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, நான் பொத்தானை அழுத்தப் போகும்போது நீதான் தடுத்தாய். "அம்மா, அந்த மைக்ல பண்ணாதே, கரகரன்னு வரும். வாழ்க்கைல ஒரு தடவை பண்றோம், நன்னா பண்ணுவோம். நல்ல போனா நான் வாங்கி அனுப்பறேன்" என்றாய். அப்பாவுக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பையன் சொல்றான் இல்லையா, இரு நாகு, என்ன அவசரம்" என்று எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது உன் ஒப்பீடு. முதலில் ஐபோன் என்றாய். பிறகு ஆபீஸில் யாரோ சாம்சங்தான் என்றார்கள் என்றாய். அடுத்தது, புது மாடல் வரப்போகிறது, இப்போது வாங்கினால் முட்டாள்தனம் என்றாய். புது மாடல் வந்தது, நாலு பேர் வாங்கிப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம் என்றாய். நீ அனுப்பிய வீடியோக்களை அப்பா உட்கார்ந்து பார்ப்பார், யாரோ ஒருவன் இரண்டு போனையும் தண்ணீரில் போட்டு எடுப்பதையெல்லாம் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு வரன் பாக்கறவாகூட இத்தனை விசாரிக்க மாட்டா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஏற்கெனவே காற்று கலந்துவிட்டிருந்தது. நான் ஒவ்வொரு வாரமும் உன்னிடம் கேட்டேன். நீ ஒவ்வொரு வாரமும் இன்னொரு படம் அனுப்பினாய்.

மஹாலயாவுக்கு முன்னால் ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு மூச்சு அடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு தத்தா பாபு பனியனோடு கீழே ஓடிக் காரை எடுத்தார். பின்சீட்டில் நான் அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், பந்தல் போடும் மூங்கில் லாரிகளுக்கு நடுவில் தத்தா பாபு கன்னாபின்னா என்று ஓட்டினார், அப்பா அந்த நிலையிலும் அவர் தோளைத் தொட்டு "ஆஸ்தே, தத்தா தா, ஆஸ்தே" என்றார். மெதுவாக, அண்ணா, மெதுவாக. அவர் குரலில் இந்த உலகத்தில் கேட்ட கடைசி வார்த்தை அதுதான், அதுவும் வங்காளியில், பக்கத்து மனிதருக்கு. என்னிடம் சொன்னது அதற்கும் முன்னால், காபி ஆறிப்போச்சு என்று. ஆஸ்பத்திரிக்குப் போன உடனே மூச்சு விடக் கழுத்தில் துளை போட்டார்கள், காத்திருக்க முடியாது என்று அந்த வாரமே குரல்பெட்டியையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. பாத்ரூமிலிருந்து "நாகூ, துண்டு" என்று கத்துவாரே, அது ஒன்று போதும் என்று இருந்தேன். கரகரவென்று இருந்தாலும் போதும் என்று இருந்தேன்.

இப்போது அவர் மூச்சு விடுவது கழுத்துத் துளை வழியாக. மூக்கு சும்மா இருக்கிறது, அதனால் மணமும் தெரிவதில்லை. நோலேன் குர், அவருக்குப் பிடித்த அந்தக் குளிர்கால ஈச்சவெல்லம், கடைக்கு வந்துவிட்டது, ஆசைப்பட்டு வாங்கி வந்து முகத்துக்கு நேரே நீட்டினேன், இல்லை என்று தலையாட்டினார். குழைந்த சாதமும் இட்லியும் இறங்குகிறது. எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் சிலேட்டில் எழுதுகிறார். கொஞ்ச நாள் போனால் தொண்டையில் ஒரு கருவியை வைத்துப் பேசப் பழக்கலாம் என்கிறார்கள், பார்க்கலாம், ஆனால் அது கருவியின் சத்தமாகத்தான் இருக்கும் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

நீ யோசித்தே பார்த்திருக்க மாட்டாய், ஒன்று சொல்கிறேன். அப்பா பாங்கில் பர்த்வான் கிளையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வங்காளி பேசுகிறார், நம் பேச்சு வாடையே இல்லாமல் பேசுவார் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எழுதத் தெரியாது. அவசியம் வந்ததில்லை. இப்போது குரலோடு வங்காளியும் போய்விட்டது. மாடியிலிருந்து "கீ கோபோர், தத்தா தா" என்று கூப்பிட்டு என்ன சேதி என்று கேட்பாரே, அது போயிற்று. தத்தா பாபு வந்து எதிரில் உட்காருகிறார், அப்பா இங்கிலீஷில் எழுதிக் காட்டுகிறார், இத்தனை வருஷம் பழகினவர்கள் பாங்கு மேனேஜரும் வாடிக்கைக்காரரும் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். தத்தா பாபு இப்போதெல்லாம் சீக்கிரம் எழுந்து போய்விடுகிறார்.

நீ கேட்டாய் என்பதற்காகப் போன சனிக்கிழமை இரண்டு போனையும் நேரில் பார்க்க ராஷ்பிஹாரி பக்கம் ஒரு கடைக்கு அப்பாவை அழைத்துப் போனேன். எனக்கு இஷ்டமில்லை, அவர்தான் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பி நின்றார், நீ வாங்கித் தரப்போவதில் அவருக்கு இன்னமும் சந்தோஷம். கடையில் ஒரு பெண் இரண்டையும் மேஜையில் வைத்தாள். அப்பா நீ அனுப்பியதை மனப்பாடம் பண்ணியிருப்பார் போல, ஒவ்வொன்றாகக் கையில் வைத்து எடை பார்த்தார், எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், என்னைப் படம் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் நான் கிழவியாகத்தான் வந்தேன். எழுதினால் பேசும் என்று அந்தப் பெண் காட்டியதும் இங்கிலீஷில் தான் இன்னார் என்று தட்டினார். போனுக்குள்ளிருந்து யாரோ ஒரு மனிதன் பளிச்சென்று "ஐ ஆம் வைத்தீஸ்வரன்" என்றான். மற்றதில் தட்டினார், அங்கே வேறு ஒருவன் சொன்னான். பக்கத்தில் நின்ற காலேஜ் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சாம்சங்கின் பேனாவை உருவித் திரையில் தமிழில் எழுதினார், கையெழுத்து அழகாக விழுந்தது, முத்து முத்தாக, "இதில் என் குரல் வருமா" என்று. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. "மேஷோமொஷாய் கீ லிக்லேன், மாஷிமா?" என்று என்னிடம் கேட்டாள், மாமா என்ன எழுதினார், மாமி என்று. விலை கேட்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவள் விலை சொன்னாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார், பேனாவைத் திரும்பச் செருகி வைத்தார், வெளியே வந்து ஆட்டோவுக்குக் கை காட்டினார்.

மிதாலிக்கு மனது கேட்கவில்லை. மறுநாளே மேலே வந்து நம் பழைய போனில் ஏதோ ஏற்றிக்கொடுத்தாள், தமிழில் தட்டினால் அது வங்காளியில் பேசுகிறது. இதற்கு லட்ச ரூபாய் போன் எதற்கு மாஷிமா, இதுவே போதுமே என்றாள். போதும்தான், நன்றாகவே பேசுகிறது, ஆனால் ஒரு சின்னப் பெண்ணின் குரலில். அப்பா அதை எடுத்துக்கொண்டு லேக் மார்க்கெட் போனார், நானும் கூடப் போனேன். காய்கறிக்கார நிமாயிடம் வாழைப்பூ நன்றாக இருக்கிறதா என்று போனை விட்டுக் கேட்டார். நிமாய் நல்லவன், சிரிக்கவில்லை, ஆனால் அப்பாவைப் பார்க்காமல் போனைப் பார்த்துப் பதில் சொன்னான். முன்பெல்லாம் இரண்டு பேரும் அந்த வாழைப்பூவுக்காக ஒருவரையொருவர் ஒருபாடு வைதுகொண்டு, பிறகு டீ குடிப்பார்கள். அன்றைக்கு நிமாய் சரியான விலையைச் சொல்லி, பேரமே இல்லாமல் கொத்துமல்லியும் சும்மா போட்டான். வீட்டுக்கு வந்து அப்பா சிலேட்டில் "பிச்சை" என்று எழுதிவிட்டு அழித்தார். அதற்கப்புறம் மார்க்கெட்டுக்கு நான்தான் போகிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்பா உனக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாரே, அதெல்லாம் நம் போனில் இடமில்லை என்று நீ அழிக்கச் சொல்லி அழித்துவிட்டோம். உன்னிடம் இருக்குமே என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே எனக்குத் தோன்றியது, கேட்டேன், தேடிப் பார்க்கிறேன் என்றாய். பத்து தடவை கேட்டபின், புது போன் வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன், அதோடு போய்விட்டது அம்மா, ஸாரி என்று எழுதினாய், பக்கத்தில் ஒரு அழுகிற பொம்மையும் போட்டாய். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. "அனந்த் கிட்ட என் குரல் இருக்கும், கவலைப்படாதே" என்று அவர் எனக்கு எழுதிக் காட்டித் தேற்றுகிறார். ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். நீ அவற்றில் எத்தனை கேட்டாய் என்று நான் கேட்கப் போவதில்லை, நீ சொல்லவும் வேண்டாம்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில், எதுவும் வேண்டாம். ஐபோனும் வேண்டாம், சாம்சங்கும் வேண்டாம். இரண்டும் நல்ல போன்தான், கடையில் பார்த்தோம், ஒரு பழுது சொல்ல முடியாது. அப்பா ஆசையாக இருந்தாரே என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது, அவரிடமே கேட்டேன், அனந்துக்கு என்ன எழுதட்டும், எது வேணும்னு. சிலேட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு எழுதினார், "ஏன் அவன் போன் பண்ணுவதே இல்லை?" என்று.

ஆபரேஷனுக்கு அப்புறம் நீ ஒரு தடவைகூட அப்பாவைக் கூப்பிடவில்லை, அனந்த். எனக்கு எழுதுகிறாய், படம் அனுப்புகிறாய், அவரால் பதில் சொல்ல முடியாதே, கூப்பிட்டு என்ன பேசுவது என்று நினைத்துவிட்டாய். அவருக்குப் போனது குரல்தான், காது நன்றாகக் கேட்கிறது. கீழ்வீட்டில் தாளிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. நீ வரும்போது வா, வராவிட்டாலும் போ, அதை இனி நான் கேட்கப் போவதில்லை. ஆனால் கூப்பிடு. உன் ஆபீஸில் என்ன சண்டை, என்ன சமைத்தீர்கள், எதையாவது சொல்லிக்கொண்டே இரு. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு விரலால் தட்டுவார், அதுதான் பதில்.

கீதாஞ்சலிக்கு என் ஆசீர்வாதம், அவளாவது உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். நீ எல்லா க்ஷேமமும் பெற்று நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், கோபத்தில் எழுதினாலும் அதில் மாற்றமில்லை. ஞாபகம் வைத்துக்கொள், ஞாயிறு சாயங்காலம் இங்கே, உனக்குக் காலை. அப்பா முன்பு உனக்குப் பேசி அனுப்புகிற அந்த நேரத்தில் இப்போதும் போனைச் சார்ஜரிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். அது அடிக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா
நாகலக்ஷ்மி