சுதனின் பெயரை எங்கே வைத்துப் பாடுவது

என் சீனி மச்சாளே,

உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்குச் சீனி, ஒரு மிடறு தேத்தண்ணீர் என்று குடிப்பவள் நீ. அதனால் நான் வைத்த பெயர். ஊருக்கு நீ பாக்கியம். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வாவிக்கரைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு நீ சீனிதான். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கேட்கிறதா?

உன்னை மண்ணில் வைத்து மாதம் ஆகப்போகிறது. முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கு உன் மகள் நிரோசா ஆயத்தம் செய்கிறாள். அவள் என்னோடு பேசுவதில்லை. நேற்று மீன்கறி கொடுத்துவிட்டேன், மூடி திறக்காமலே சட்டி திரும்பி வந்தது. உன் செத்தவீட்டில் அவள் அண்ணன் சுதனின் பெயரை நான் பாடிய விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. நீ கேட்டிருக்கவேண்டிய பாட்டு அது. கேட்காமல் கிடந்தாயே, அதனால் எழுதிச் சொல்கிறேன்.

எங்கே சாவு என்றாலும் நம் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். நீ முன்பாட்டு, நான் பின்பாட்டு. பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக இருப்போம். நீ ஒரு அடி சொல்வாய், நாங்கள் அதை வாங்கி அழுவோம். தேற்றாத்தீவுக்குக்கூட ஓட்டோ அனுப்பிக் கூட்டிப்போனார்கள். அழுது முடித்துத் திரும்பிவரும்போது நீ விடுகிற பகிடிகளுக்கு ஓட்டோக்காரன் வண்டியை ஓரம்கட்டிச் சிரிப்பான்.

“நான் செத்தா நீதான் கா முன்பாட்டு. உன்ட தொண்டையில காகமொண்டு குந்தி இரிக்கு, அத முதல்ல கலைச்சி விடு. அடி புசகினா பெட்டிக்குள்ள எழும்பி இருந்து ஏசுவன்.”

“எழும்பு பாப்பம். அமத்திப் படுக்க வெச்சித்து மிச்சத்தப் பாடுவன்.”

எழும்பவில்லையே மச்சாள் நீ. நான் எவ்வளவு புசகினேன் அன்றைக்கு.

உன்னைக் கேட்டுப் பழகிய குமருப் பிள்ளைகள் இப்போதும் அடித்தொண்டையிலேயே பாடுகிறார்கள். மேலே ஏறாமல் பாடுவதுதான் ராகம் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? சண்டைக் காலத்தில் செத்தவீட்டுச் சத்தம் வெளியே போகக்கூடாது. கதவைச் சாத்தி, சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பாடிப் பழகிய தொண்டை நம்முடையது. சண்டை முடிந்த பிறகும் அது ஏறவில்லை. நம் பயத்தைத்தான் அந்தப் பிள்ளைகள் ராகமென்று படிக்கிறார்கள்.

கடல் ஊருக்குள் வந்த வருசம் நாம் பாடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். “ஆரு கா ஆருக்கு அழுற?” என்று என்னைக் கேட்டாய். எல்லோரும் சாவுக்காரர். ஒருத்தி ஒப்பாரி சொல்வதென்றாலும், அதை வாங்குவதற்கு வீட்டில் சாவில்லாத நாலு பேர் பக்கத்தில் வேண்டும் என்று அன்றுதான் விளங்கியது.

பிறகு வெளிநாட்டிலிருந்து பெட்டிகள் வரத் தொடங்கின. தன்னாமுனையில் ஒரு பிள்ளை, வீட்டுவேலைக்குப் போனவள், ஆணியடித்த பெட்டியில் வந்தாள். திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முகத்தைப் பார்த்துத்தான் நீ அடி எடுப்பாய். இதற்கு எப்படித் தொடங்கப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையைப் பெட்டியில் வைத்தாய். மற்றக் கை என் தோளில்.

“பெட்டியாவது வந்துதே மகளே,
பெத்தவள் விழுந்து அழ
பிடிமண்ணாவது கிடைச்சுதே...”

சனம் குமுறிவிட்டது. அந்தத் தாய் உன் மடியில் விழுந்தாள். அவளுடைய பிள்ளைக்குத்தான் பாடுகிறாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் தோளில் கிடந்த கை என் சீலையைக் கசக்கிப் பிடித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நீ உன் மூத்தவனுக்கு அழுதாய்.

சுதன் சண்டைக் காலத்தில் ஒரு காலை சைக்கிளில் டவுனுக்குப் போனவன். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. ஊர்ச்சாவுக்கெல்லாம் பாடிய நீ, பெற்ற பிள்ளைக்கு ஒரு அடி பாடவில்லை. பாடினால் அவன் செத்தவனாகிவிடுவான். அதனால் அடுத்தவர் பிள்ளைகளின்மேல் போட்டுப் போட்டுப் பாடினாய். “பாக்கியம் பாடினால் கல்லும் அழும்” என்று ஊர் சொல்லும். ஏனென்று ஊர் கேட்டதா?

நம் ஒப்பாரியின் முறை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. முன்னே போனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், வந்து கைபிடித்துக் கூட்டிப்போகச் சொல்லி. பிறகு இருப்பவர்களைப் பெயர் சொல்லி, இவர்களை விட்டுப் போகிறாயே என்று அழுவோம். உன் அம்மா செத்தபோதும், உன் புருசன் செத்தபோதும், நீ சுதனை இருப்பவர்களோடுதான் வைத்தாய். நாங்களும் அதை அப்படியே வாங்கி அழுதோம்.

உன் தலைமாட்டில் நான் முன்பாட்டுக்கு இருந்தபோது நிரோசா காதுக்குள் குனிந்தாள்.

“மாமி, அண்ணனக் கூப்பிடுங்க.”

“எங்க மகள் கூப்பிடுற?”

“அப்பாவோட சேத்துக் கூப்பிடுங்க. வந்து அம்மாவக் கூட்டித்துப் போகட்டும். வாசலப் பாத்துப் பாத்தே இரிந்தவ. போற வழியிலயாவது அவனக் காணட்டும்.”

“அவட வாய் அத ஒருநாளும் சொல்லல்ல புள்ள.”

“அவட வாய் மூடித்து மாமி. இப்ப நான் சொல்றன்.”

தொடங்கினேன். உன் அம்மாவைக் கூப்பிட்டேன். உன் புருசனைக் கூப்பிட்டேன். உன் அண்ணனை, என் மனிசனைக் கூப்பிட்டேன், உன் தங்கச்சி வாறாள், கையைப் பிடி என்று. அடுத்த அடிக்கு மூச்சை எடுத்தேன். நிரோசா என் கையை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது உன் முகத்தைப் பார்த்தேன்.

“மூத்தவன் வருவான் மச்சாளே,
முத்தத்தில நிண்டு கேப்பான்,
அம்மா எங்க எண்டு கேட்டா
ஆரக் காட்டி ஆத்துவன்...”

என் வாய் உன் வழியிலேயே போய்விட்டது. பெண்கள் அதை வாங்கி அழுதார்கள். நிரோசா கையை உருவிக்கொண்டு எழும்பிப் போனாள். ஆம்பிளைகள் மண்போட்டுத் திரும்பிய பிறகு கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ட அம்மாவத் தனியா அனுப்பிப்போட்டீங்க மாமி.”

அன்றிலிருந்து பேச்சில்லை.

காத்தான்குடியிலிருந்து சீலை கொண்டுவரும் பாத்தும்மா அன்றைக்கு வாசல் படலையடியிலேயே நின்றாள். “எங்கட ஆக்கள் சத்தம் வெச்சி அழப்படா எண்டுவாங்க கா. மவுத்தாப்போன என்ட மகனுக்கும் சேத்துப் பாக்கியம் பாடுறா எண்டு நினைச்சித்து, இவ பாடுற இடமெல்லாம் வந்து நிப்பன். இனி எங்க போய் நிக்கிற?” என்றாள். அவளுக்கும் ஒரு மகன் போன கதை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்துதான் பாடினாயா?

உன் பேத்தி பொம்மையை மடியில் போட்டு உன் ராகத்தைத்தான் முனகுகிறாள். அவளுக்கு அது தாலாட்டு. நிரோசா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். பொத்தியவள் அப்படியே நிலத்தில் குந்தி அழுதாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். போய்த் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முப்பத்தொன்றுக்குப் பெண்கள் திரும்பவும் கூடுவார்கள். முன்பாட்டுக்கு என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். போவேன். நிரோசா தள்ளினாலும் அவள் பக்கத்தில்தான் இருப்பேன், அவளைத் தனியே விடமாட்டேன். இது உன் தலையில் அடித்த சத்தியமாக இருக்கட்டும்.

ஆனால் பாட்டுக்குச் சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை மச்சாள். நீ சொல்லாததை நான் சொல்லமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கிணற்றடியில் சொன்னது உள்ளே கிடந்து அறுக்கிறது. ஒருவேளை அவன் அங்கேதான் இருந்து, அம்மா வருகிறாள் என்று கண்டும், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாததால் ஒதுங்கி நின்றிருந்தால்?

உன் அண்ணன் பெண்சாதி, உனக்குப் பின்பாட்டுப் பாடிய உன் மச்சாள் கேட்கிறேன். நீ போன இடத்தில் சுதன் இருக்கிறானா?